ஸ்வாலோடெயில் ஜிக்: பிடிலில் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நடனக் கூடத்தில் வாசிப்பதற்காக இந்த மெட்டைக் கற்றுக்கொள்பவர்களுக்கான பக்கம் இது. கர்நாடக வயலின் பழகியவர்களும் கேட்பதால், தேவையான இடங்களில் ஸ்வரப் பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறோம்.

இது என்ன மெட்டு? எங்கே வாசிக்கிறார்கள்?

அயர்லாந்தின் மரபு நடன மெட்டு. 6/8 தாளத்தில் போகும் ‘ஜிக்’ வகையைச் சேர்ந்தது. இயற்றியவர் பெயர் ஒட்டாமல் வாய்வழியாகவும் கைவழியாகவும் வந்தது. அயர்லாந்திலிருந்து கடல் கடந்து, அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து பகுதியில் ஆடப்படும் கான்ட்ரா நடனத்திலும் இது நிலையான இடம் பிடித்துவிட்டது. கான்ட்ராவில் ஆடுபவர்கள் இரண்டு நீண்ட வரிசைகளாக எதிரெதிரே நிற்பார்கள். அடுத்து என்ன அசைவு என்பதை ‘காலர்’ எனப்படுபவர் உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். மெட்டு ஒருமுறை முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓர் இடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திக்கும். அதனால்தான் மெட்டின் நீளம் இம்மியும் பிசகக் கூடாது.

‘ஸ்வாலோஸ் டெயில்’ என்ற பெயரில் ஒரு ரீலும் (நான்கின் நடையில் போகும் இன்னொரு நடன மெட்டு வகை) உண்டு. அது வேறு மெட்டு, வேறு தாளம், தொடங்கும் சுருதியும் வேறு. காலர் பெயரை மட்டும் சொன்னால், ஜிக்கா ரீலா என்று கேட்டுவிட்டு வில்லை எடுங்கள்.

மைனர் என்கிறார்கள். அப்படியானால் சோகமாக வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். இந்த மெட்டைக் கெடுப்பதில் முதலிடம் இந்த எண்ணத்துக்குத்தான். சோகம் என்று நினைத்ததும் வேகம் இறங்கும், வில் தந்தியில் அழுந்தும், ஆடுபவர்களின் கால் தரையை விட்டு எழாது.

இதிலுள்ள இருண்ட சாயல் வாசிப்பவர் சேர்ப்பதல்ல, ஸ்வரங்களிலேயே இருக்கிறது. மேற்கத்தியர் இதை ‘ஈ டோரியன்’ என்பார்கள். நம் கணக்கில் மூன்று கட்டை சுருதியில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்: சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். காந்தாரம் தாழ்ந்திருப்பதால் மைனர் என்று காதுக்குப் படுகிறது. தைவதம் உயர்ந்திருப்பதால் அது அழுகையாக மாறுவதில்லை. தைவதத்தை ஒரு படி இறக்கி சுத்த தைவதமாக வாசித்துப் பாருங்கள். நடபைரவியின் ஸ்வரங்களாகிவிடும், மெட்டு உடனே வாடிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் இரண்டு பார்கள் (‘பார்’ என்பது ஆறு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று) ஷட்ஜத்தில் நிற்கின்றன. அடுத்த இரண்டு பார்கள் அதற்கு ஒரு படி கீழே, நிஷாதத்தில் ஊன்றுகின்றன. மறுபடி ஷட்ஜம். தரை ஒரு படி இறங்கி ஏறுவது போன்ற இந்த ஊசலாட்டம் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளில் நிறையவே கேட்கும். கேட்பவர் மனசைப் பிடித்து இழுப்பது இதுதான்.

முழு மெட்டையும் ஸ்வரத்தில் எழுதித் தர முடியுமா?

முற்பகுதி எட்டு பார், பிற்பகுதி எட்டு பார். ஒரு பாரில் ஆறு எண்ணிக்கை, ‘தகிட தகிட’ என்று. காற்புள்ளி என்றால் முந்தைய ஸ்வரம் நீள்கிறது. ஸ்வரத்துக்கு முன் புள்ளி இருந்தால் கீழ் ஸ்தாயி, பின்னால் மேற்கோள் குறி இருந்தால் மேல் ஸ்தாயி.

முற்பகுதி:
க ஸ ஸ – ப ஸ ஸ
க ஸ ஸ – ப ம க
ரி .நி .நி – ம .நி .நி
நி த நி – ம க ரி
க ஸ ஸ – ப ஸ ஸ
க ஸ ஸ – ப , த
நி த நி – ம க ரி
க ஸ ஸ – ஸ , ,

பிற்பகுதி:
ப த நி – ஸ' , ரி'
ஸ' , ரி' – ஸ' நி ப
ப த நி – ஸ' , ரி'
ஸ' நி ப – நி , ,
ப த நி – ஸ' , ரி'
ஸ' , ரி' – ஸ' நி ப
நி த நி – ம க ரி
க ஸ ஸ – ஸ , ,

எட்டாவது பாரின் கடைசி எண்ணிக்கையைச் சும்மா விடுவதில்லை. முற்பகுதிக்கே திரும்புகிறீர்கள் என்றால் அங்கே ‘ரி’, பிற்பகுதிக்குப் போகிறீர்கள் என்றால் ‘ப’. அடுத்த வரிக்கு ஏற்றிவிடும் படி அது.

வாசிக்கும் வரிசை: முற்பகுதி இரண்டு முறை, பிற்பகுதி இரண்டு முறை. மொத்தம் 32 பார். பாருக்கு இரண்டு காலடி, ஆக 64 காலடி. கான்ட்ரா நடனங்கள் பெரும்பாலும் இந்த 64-க்குத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன.

விரல்கள் எங்கே போகின்றன?

ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்த்த பிடிலில் முழு மெட்டும் முதல் நிலையிலேயே அடங்கிவிடும். கையை நகர்த்தவே வேண்டாம். ஜி தந்தியை மெட்டு தொடுவதில்லை.

டி தந்தியில்: திறந்த தந்தி கீழ் நிஷாதம், முதல் விரல் ஷட்ஜம், இரண்டாம் விரல் ரிஷபம், மூன்றாம் விரல் காந்தாரம். ஏ தந்தியில்: திறந்த தந்தி மத்யமம், முதல் விரல் பஞ்சமம், இரண்டாம் விரல் தைவதம், மூன்றாம் விரல் நிஷாதம். திறந்த ஈ தந்தி மேல் ஷட்ஜம், அதில் முதல் விரல் மேல் ரிஷபம்.

இரண்டு தந்திகளிலும் கையின் வடிவம் ஒன்றே: முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடைவெளி, இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியபடி. இரண்டாம் விரல் சோம்பிப் பின்னுக்கு நழுவினால் அவை சுத்த ரிஷபமாகவும் சுத்த தைவதமாகவும் இறங்கிவிடும். அப்போது நீங்கள் வாசிப்பது தோடியின் ஸ்வரங்கள். பக்கத்தில் அக்கார்டியன் வைத்திருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

இந்த மெட்டு பிடிலுக்கென்றே செய்தது போல இருப்பதற்குக் காரணம் முதல் விரல். அதைச் சற்றுத் தட்டையாக வைத்து டி, ஏ இரண்டு தந்திகளையும் ஒருசேர அழுத்துங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் அந்த ஒரே விரலுக்குக் கீழே இருக்கும். முதல் இரண்டு பார் முழுக்க அந்த விரலை எடுக்க வேண்டியதில்லை. காந்தாரத்துக்கு மூன்றாம் விரலை வைத்து எடுத்தால் போதும், திறந்த தந்தி மத்யமம் வரும் ஓரிடத்தில் மட்டும் விரலின் நுனியைச் சற்று நிமிர்த்துங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரலைத் தூக்கி வைப்பவர்கள்தான் வேகம் கூடும்போது தடுமாறுகிறார்கள்.

கர்நாடக முறையில் சுருதி சேர்த்த வயலினிலேயே வாசிக்கலாமா?

தனியாக வாசிக்கலாம். குழுவோடு வாசிக்க ஜி-டி-ஏ-ஈ சுருதிக்கு மாற்றுவதே நல்லது. நம் ஸ–ப–ஸ–ப முறையில் நடுவிலுள்ள இரண்டு தந்திகளுக்கு இடையே உள்ள தூரம் பஞ்சமம் அல்ல, மத்யமம். அதனால் மேலே சொன்ன ஒற்றை விரல் வசதி போய்விடும், விரலமைப்பும் மாறும்.

அளவுகள்: ஜி 196, டி 293.7, ஏ 440, ஈ 659.3 ஹெர்ட்ஸ். தாழ்ந்த சுருதியில் நெடுநாள் கிடந்த மெல்லிய தந்தியை ஒரே மூச்சில் 659-க்கு முறுக்கினால் அறுந்துவிடும். புதுத் தந்தி மாட்டி, படிப்படியாக ஏற்றி, நான்கு தந்திகளையும் திரும்பத் திரும்பச் சரிபாருங்கள். குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) முன்பக்கமாகச் சாய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சுருதி ஏற்றும்போது தந்தி அதையும் சேர்த்து இழுக்கும்.

உட்கார்ந்து வாசிப்பதில் தடையில்லை. ஆனால் ஆடுபவர்களைப் பார்க்க முடிகிற உயரத்தில் நாற்காலி இருக்க வேண்டும்.

கமகம் சேர்க்கலாமா?

கூடாது. கரகரப்பிரியா என்று சொன்னதும் காந்தாரமும் நிஷாதமும் தானாக அசையத் தொடங்கும், கை அப்படிப் பழகியிருக்கிறது. இங்கே ஸ்வரங்கள் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்வரங்கள் போகும் வேகத்தில் அசைவுக்கு இடமில்லை என்பது ஒரு காரணம். நான்கைந்து வாத்தியங்கள் ஒரே ஸ்வரத்தை ஒன்றாக வாசிக்கும்போது ஒருவர் மட்டும் அசைத்தால் மொத்தச் சுருதியும் கலங்கிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அப்படியானால் அலங்காரமே இல்லையா?

உண்டு, வேறு வகையில். ‘கட்’ என்பது ஸ்வரத்துக்கு முன் மேலுள்ள விரலால் ஒரு கணம் தந்தியைத் தட்டி எடுப்பது. அதன் ஸ்வரம் கேட்கவே கூடாது, ஒரு சொடுக்கு மட்டும் கேட்க வேண்டும். ‘ஸஸ’ என்று ஒரே ஸ்வரம் இருமுறை வரும் இடங்களில் இரண்டாவது ‘ஸ’-வுக்கு முன் போட்டால் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

‘ரோல்’ என்பது நீண்ட ஸ்வரத்தைச் சுற்றி மேலும் கீழும் தொட்டு வருவது. இந்த மெட்டில் அதற்கு ஏற்ற இடம் பிற்பகுதியின் நான்காவது பாரில் நீளும் நிஷாதம்: நி ஸ' நி த நி. மேல் ஷட்ஜத்தைச் சுண்டுவிரலால் ஏ தந்தியிலேயே தொடுங்கள். ரோல் முடிகிற நேரத்தில் அடுத்த பாரின் முதல் ஸ்வரத்துக்கு வில் தயாராக இல்லையென்றால் ரோலை விட்டுவிடுங்கள். ஆடுபவர்களுக்கு அது இல்லாதது தெரியாது, தாமதம் மட்டும் தெரியும்.

தாளம் சரியாக இருந்தும் ஏன் நடனம் போலக் கேட்கவில்லை?

மூன்று ஸ்வரங்களையும் சம நீளத்தில் வாசிப்பதால். நம் திஸ்ர நடையில் ‘தகிட’ மூன்றும் சமம். ஜிக்கில் ‘த’ சற்று நீளும், ‘கி’ சுருங்கும், ‘ட’ இரண்டுக்கும் இடைப்பட்டு அடுத்த ‘த’-வை நோக்கிச் சாயும். எவ்வளவு நீளம் என்று எழுதிக் காட்ட முடியாது. அளவு மிஞ்சினால் நொண்டுவது போலக் கேட்கும். நல்ல ஐரிஷ் பிடில் வாசிப்பாளர்களின் பதிவுகளைக் கேட்டுக்கொண்டே கூடத்தில் நடந்து பாருங்கள். காதுக்கு முன்னால் காலுக்குப் புரியும்.

ஒவ்வொரு பாரிலும் இரண்டு ‘த’ உண்டு, வலது கால், இடது கால். இரண்டுக்கும் அழுத்தம் வேண்டும். முதல் ‘த’-வுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்தால் ஆடுபவர்கள் ஒற்றைக் காலில் நிற்பது போல ஆகும்.

வில்லை எப்படிப் பிரிப்பது?

தொடக்கத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வில். பாருக்கு ஆறு, இரட்டை எண். ஆகவே நீளும் ஸ்வரம் இல்லாத பார்கள் அடுத்தடுத்து வரும்போது எல்லாமே டவுன் போவில் (வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது) தொடங்கும். இரண்டாவது ‘த’ மட்டும் அப் போவில் (வில்லை மேல்நோக்கித் தள்ளுவது) விழும். அப் போவில் அழுத்தம் கொடுக்கக் கை மறுக்கும், அதைத் தனியாகப் பழக வேண்டும்: வெறும் ஷட்ஜத்தில் ‘ஸஸஸ ஸஸஸ’ என்று, நான்காவது ஸ்வரம் முதலாவதுக்கு இணையாக ஒலிக்கும் வரை.

அது கைவந்தபின் முதல் இரண்டு ஸ்வரங்களை டவுன் போவில் சேர்த்து, மூன்றாவதை அப் போவில் தனியாக: (கஸ) ஸ (பஸ) ஸ. இப்போது இரண்டு ‘த’-வும் டவுன் போவிலேயே வரும், நடனத்துக்கு நல்ல உதைப்பு கிடைக்கும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு ஸ்வரத்துக்குச் செலவழித்த வில்லை ஒரே ஸ்வரத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதாவது இருமடங்கு வேகத்தில். அந்த வேகம் மூன்றாவது ஸ்வரத்தை உரக்க ஒலிக்கச் செய்து அழுத்தத்தைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும். திரும்பும்போது வில்லின் எடையைத் தந்தியிலிருந்து எடுத்துவிடுங்கள், நீளம் அதே இருக்கட்டும். நீளத்தைக் குறைத்தால் நாலு பாரில் வில்லின் நுனிக்குப் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

மொத்தத்தில் வில் கொஞ்சமாகத்தான் போக வேண்டும்: நடுவுக்குச் சற்று மேலே, நாலைந்து விரற்கடை. மூன்றாவது பாரில் தந்தி மாறும்போது தோளை அசைக்காமல் மணிக்கட்டையும் முன்கையையும் மட்டும் சாயுங்கள்.

எவ்வளவு வேகம்?

கான்ட்ராவுக்கு நிமிடத்துக்கு 112 முதல் 120 தட்டு. ‘தகிட’ என்பது ஒரு தட்டு. 116-இல் வாசித்தால் மெட்டு ஒருமுறை முடிய சுமார் 33 விநாடி ஆகும். ஒரு நடனத்துக்குப் பதினைந்து முறை வாசித்தால் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். கை அவ்வளவு நேரம் தாங்குமா என்று வீட்டில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பத்தாவது முறையில் இடது கட்டைவிரல் வலித்தால் பிடிலின் கழுத்தை நெரிக்கிறீர்கள் என்று பொருள்.

பழகும்போது 60-இல் தொடங்கி நான்கு நான்காக ஏற்றலாம். பிழை இரண்டு முறை ஒரே இடத்தில் வந்தால் முழு மெட்டையும் திரும்ப வாசிக்காமல், அந்த இடத்துக்கு ஒரு பார் முன்னிருந்து ஒரு பார் பின்வரை மட்டும் வாசியுங்கள்.

நடுவில் வழி தப்புவது ஏன்? தப்பினால் என்ன செய்வது?

இந்த மெட்டில் வழி தப்பும் இடங்கள் இரண்டுதான், இரண்டும் மெட்டின் அமைப்பிலேயே இருக்கின்றன.

முதலாவது: முற்பகுதியில் ‘நி த நி ம க ரி’ நான்காவது பாரிலும் வருகிறது, ஏழாவது பாரிலும் வருகிறது. அதன்பின் இரண்டு இடத்திலும் ‘க ஸ ஸ’. ஐந்தாவது பாரில் அடுத்தது ‘ப’, எட்டாவது பாரில் ‘ஸ’. நான்காவது பாரிலேயே ஏழாவதில் இருப்பதாக நினைத்து முடித்துவிட்டால் மூன்று பார் காணாமல் போகும். ஆடுபவர்களுக்கு அது ஆறு காலடி, கிட்டத்தட்ட ஓர் அசைவு முழுவதும்.

இரண்டாவது: முற்பகுதியும் பிற்பகுதியும் ஒரே இரண்டு பாரில் முடிகின்றன. முடித்ததும் எந்தப் பகுதியை எத்தனை முறை வாசித்தோம் என்பது மறந்துபோகும். இதற்கு நம்பகமான வழி ஒன்று உண்டு: நான்கு பகுதிகளுக்கும் நான்கு விதமாக வாசிப்பது. முற்பகுதி முதல் முறை வெறுமையாக, இரண்டாம் முறை முதல் விரலைத் தட்டையாக வைத்து இரண்டு தந்தியும் ஒலிக்க. பிற்பகுதி முதல் முறை மெல்ல, இரண்டாம் முறை உரக்க. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் கையே சொல்லும், கேட்பவர்களுக்கும் மெட்டு வளர்வது போல இருக்கும்.

தப்பிவிட்டால் நிறுத்தாதீர்கள். ஷட்ஜ–பஞ்சமத்தை ஒன்றாகப் பிடித்து ‘தகிட தகிட’ என்று தாளத்தை மட்டும் ஓட்டுங்கள். ஆடுபவர்களைப் பாருங்கள். அவர்கள் அடுத்த அசைவைத் தொடங்கும் இடத்தில் பகுதியின் முதல் பாரைப் பிடித்துச் சேருங்கள்.

கிட்டார் வாசிப்பவருக்கு என்ன சொல்வது?

இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போதும்: ஈ மைனர், டி மேஜர். முற்பகுதியில் முதல் இரண்டு பார் ஈ மைனர், அடுத்த இரண்டு டி, பிறகு இரண்டு ஈ மைனர், ஏழாவது டி, எட்டாவது ஈ மைனர். பிற்பகுதியில் நான்காவது, ஏழாவது பார்கள் மட்டும் டி, மற்றவை ஈ மைனர்.

மைனர் என்று கேட்டதும் அவர் கை சி மேஜருக்கோ ஏ மைனருக்கோ போகப் பார்க்கும். இரண்டிலும் சுத்த சி இருக்கிறது. மெட்டில் இருப்பது சி ஷார்ப், அதாவது நம் சதுஸ்ருதி தைவதம். இரண்டும் மோதும் இடம் பல்லைக் கூசச் செய்யும். மாற்றம் வேண்டுமென்றால் பி மைனர், ஜி மேஜர், ஏ மேஜர் பொருந்தும். தாளத்தில் ‘த’-வில் அடித்தந்தியும் ‘ட’-வில் கார்டும் விழட்டும், ‘கி’ காலியாக இருக்கட்டும்.

மாண்டலின் இதே ஜி-டி-ஏ-ஈ சுருதிதான், விரலமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டி சுருதி டின் விசிலிலும் (சிறு உலோகக் குழல்) எல்லா ஸ்வரமும் கிடைக்கும். மெட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரமே அந்த விசிலின் மிகத் தாழ்ந்த ஸ்வரம்.

எந்த நடனத்துக்குப் பொருந்தும்?

வழுக்கிக்கொண்டு போகும் அசைவுகளுக்கு. நான்கு பேர் ஒருவரையொருவர் பின்னிப் பின்னிக் கடக்கும் ‘ஹே’ என்ற அசைவு முழுதாக 16 தட்டு, ஒரு பகுதியின் நீளம் சரியாக அதுவே. முற்பகுதியின் வட்டமான ஓட்டம் அதற்கு அருமையாக அமையும். ‘பேலன்ஸ் அண்ட் ஸ்விங்’ (ஜோடி சாய்ந்து எழுந்து, பிறகு சேர்ந்து சுழல்வது) வந்தால் முதல் நான்கு தட்டு, அதாவது முதல் இரண்டு பார், பேலன்ஸுக்கு உரியது. பிற்பகுதித் தொடக்கத்தில் நீளும் மேல் ஷட்ஜங்களை அழுத்தி வாசித்தால் ஆடுபவர்கள் அதிலேயே சாய்ந்து எழுவார்கள்.

எட்டு நிமிடமும் இதையே வாசிப்பதா?

பொதுவாக இல்லை. இரண்டு அல்லது மூன்று மெட்டுகளைக் கோத்து வாசிப்பார்கள். இதை முதலில் வைத்து, அடுத்ததாக மேஜரில் ஒரு ஜிக், ஜி அல்லது டி அல்லது ஏ மேஜரில். மாறும் அந்தக் கணத்தில் கூடத்தில் விளக்கு ஏற்றியது போல இருக்கும், பெரும்பாலும் ஆடுபவர்கள் கூவுவார்கள். அந்தக் கணம் அமைய வேண்டுமென்றால் இருட்டை முன்பே கட்டியிருக்க வேண்டும், ஆகவே மாற்றுவதற்கு முந்தைய முறையில் கிட்டாரை நிறுத்தி, ஷட்ஜ–பஞ்சம ஒலியோடு பிடிலை மட்டும் விடுங்கள். அதே ஈ டோரியனில் இன்னொரு ஜிக்குக்குப் போவதும் வழக்கம்தான். ஓட்டம் அறுபடாது, ஆனால் அந்த எழுச்சி வராது.

தொடங்குவதும் முடிப்பதும் எப்படி?

தொடங்க, நான்கு தட்டு முன்னோட்டம். பிடில்காரர்கள் இதை ‘நாலு உருளைக்கிழங்கு’ என்பார்கள், ஆங்கிலக் குழந்தைகள் விளையாட்டில் எண்ணும் பாட்டிலிருந்து வந்த பெயர். திறந்த தந்தியை விட்டு ஷட்ஜ–பஞ்சமத்தில் ‘ஸ,ஸ ஸ,ஸ ஸ,ஸ ஸ,ஸ’ என்று வாசியுங்கள். நீங்கள் எந்த வேகத்தில் இதை வாசிக்கிறீர்களோ அதே வேகம்தான் நடனம் முழுக்க. பதற்றத்தில் வேகமாகத் தொடங்கிவிட்டால் பின்னால் இழுத்துப் பிடிக்க முடியாது.

முடிவை காலர் கையசைத்துச் சொல்வார், வழக்கமாக இரண்டு அல்லது மூன்று முறை மிச்சம் இருக்கும்போது. குழுவுக்குச் சொல்ல, கடைசி முறையின் தொடக்கத்தில் ஒரு காலைத் தூக்கிக் காட்டுங்கள். இரு கையிலும் வாத்தியம் இருக்கும்போது மிச்சமிருப்பது கால் மட்டுமே. கடைசி எட்டாவது பாரில் அடுத்த வரிக்கு ஏற்றிவிடும் அந்த ‘ரி’-யோ ‘ப’-வோ வேண்டாம். ‘க ஸ ஸ’ முடிந்ததும் கடைசி ஷட்ஜத்தைப் பஞ்சமத்தோடு சேர்த்து டவுன் போவில் ஒரே இழுப்பு, வில்லைத் தந்தியிலிருந்து மேலே எடுத்துவிடுங்கள்.